இடது தோளில் துப்பாக்கி

கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறவியில் இடது கைக்காரி. எங்கள் பக்கத்துப் பேச்சில் பீச்சாங்கைக்காரி. கழுவுவதற்கென்று ஒதுக்கி வைத்த கை அது. அந்தக் கையால் ஒருவருக்கு ஒரு பொருளைக் கொடுத்தால் மரியாதைக் குறைவு, வாங்கினால் அதைவிடக் குறைவு. கீழ்பென்னாத்தூரில் என் அம்மா அந்தக் கையை என்னிடமிருந்து பிடுங்க என்னென்னவோ செய்து பார்த்தாள். சாப்பிடும் நேரத்தில் பழைய புடவைக் கிழிசலால் அதை முதுகுப் பக்கம் கட்டிவிடுவாள். விரல்களில் வேப்பெண்ணெய் தடவுவாள். சிலேட்டில் அந்தக் கையால் எழுதினால் ஸ்கேலைத் திருப்பி விரல் முட்டியில் ஒன்று வைப்பாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நான் வலது கைக்காரி ஆகிவிட்டேன்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் எந்தக் குழந்தை இடது கையை நீட்டினாலும் அதன் தாய் எங்கள் வீட்டுக்குத்தான் யோசனை கேட்க வருவாள். அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டே முறை சொல்லிக் கொடுப்பாள். “என் பொண்ணுக்கு நான் மாத்தலயா? உன் புள்ளைக்கு மட்டும் மாறாதா?” என்பாள். பக்கத்தில் நான் சாட்சியாக உட்கார்ந்திருப்பேன். எழுதிக் காட்டு என்பாள், வலது கையால் எழுதிக் காட்டுவேன். அப்போதெல்லாம் வந்த கோபம் எனக்குள் எத்தனை வருஷம் இருந்தது என்று எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

இப்போது எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. திருவண்ணாமலையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரும் நேரம் சொல்வது, மலை தெரிகிற அறை வேண்டும் என்று கேட்பவர்களிடம் எல்லா அறையிலும் மலை தெரியாது என்று விளக்குவது. பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. அப்படி ஒரு நாளில் ஒருவர் வந்து மேசைக்குப் பக்கத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்ட அனுமதி கேட்டார். துப்பாக்கி சுடும் பயிற்சி, பெண்களும் சேரலாம். யாரும் என்னிடம் சாவி கேட்காத ஒரு மணி நேரம் வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். வேறு பெரிய லட்சியம் எல்லாம் கிடையாது.

“யாரைச் சுடப் போற?” என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

“பக்கத்துல இருக்கிறவங்களைத்தான் முதல்ல,” என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பயிற்சி நடக்கிற இடம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடி. பந்தி போட்ட கூடம். கல்யாணம் எல்லாம் ஏசி மண்டபங்களுக்குப் போன பிறகு சும்மா கிடந்ததைக் குறைந்த வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஒரு கோடியில் இலக்கு அட்டைகள், பத்து மீட்டர் தள்ளி மறு கோடியில் நாங்கள். ஐந்து பேர் வரிசையாக நின்று சுடலாம். காற்றழுத்தத்தில் வேலை செய்கிற சாதாரணத் துப்பாக்கிகள்தான். குழாயை மடக்கி, மிளகளவு ஈயக் குண்டை வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். ஆண்கள் நிறையப் பேர், பெண்கள் என்னைச் சேர்த்து மூன்றே பேர். நோட்டீஸ் ஒட்ட வந்தவர்தான் சங்கத்தின் செயலாளர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்று ஒன்று இருந்துவிட்டால் அதை இம்மியும் நகர்த்த மாட்டார்.

எங்கள் துப்பாக்கியில் லென்ஸ் எதுவும் இல்லை, வெறும் இரும்புதான். குழாயின் நுனியில் தீக்குச்சிக் கனத்தில் ஒரு சின்னக் கம்பம், அது முன்குறி. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தகடு, அதன் நடுவில் ஒரு வெட்டு, அது பின்குறி. வெட்டுக்கு நடுவில் கம்பம் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், கம்பத்தின் தலையும் தகட்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் தூரத்துக் கறுப்பு வட்டம் உட்கார வேண்டும். மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க எந்த மனிதக் கண்ணாலும் முடியாது.

“கம்பத்தைப் பாருங்கக்கா. வட்டம் மங்கலா தெரிஞ்சா தெரியட்டும்,” என்றார் செயலாளர்.

இந்த ஊரில் இருக்கிறவளுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கொடுக்க முடியாது. தரிசன வரிசையில் முன்னால் நிற்பவரின் தலையை விட்டுவிட்டு அதற்கு அந்தப் பக்கம் உள்ளே இருப்பதைப் பார் என்றுதானே கண்ணைப் பழக்கியிருக்கிறோம்? பக்கத்தில் இருப்பதை விட்டுத் தூரத்தில் இருப்பதற்கு ஓடுகிற கண் இது. கம்பத்தைப் பார்ப்பேன், அடுத்த நொடி கண் வட்டத்துக்குத் தாவிவிடும். சுட்டதும் குண்டு எங்கே போனது என்று கழுத்தை நீட்டுவேன். “கோயில்ல எட்டிப் பாக்குற மாதிரி பாக்காதீங்கக்கா, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்காதீங்க,” என்று செயலாளர் பின்னாலிருந்து கத்துவார்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தக் கற்றுக்கொண்டேன். விசையைச் சுண்டாமல், பழத்தின் கனிவைச் சோதிக்கிற மாதிரி மெல்ல அழுத்தக் கற்றுக்கொண்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் அட்டையில் என் குண்டுகள் கல்யாண வீட்டு அட்சதை மாதிரி விழுந்து கிடந்தன. வலது தோளில் கட்டையை வைத்து, இடது கண்ணை மூடினால் முகமே கோணிக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் வலது கண்ணில் தண்ணீர் கட்டும். எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். “வயசு ஆயிடுச்சுல்ல அக்கா, கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க,” என்றார் செயலாளர். எனக்குச் சுருக்கென்றது.

கண் டாக்டரிடம் போகவில்லை. லாட்ஜ் மேசையில் உட்கார்ந்து கைபேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒன்றில் ஒரு சோதனை சொன்னார்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடு. நான் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினேன், கடிகாரம் அங்கேயே இருந்தது. இடது கண்ணை மூடினேன், கடிகாரம் காணாமல் போய்விட்டது. அறை கேட்டு வந்து நின்றிருந்த குடும்பம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பார்க்கட்டும். என் ஆட்சிக் கண், அதாவது குறி பார்க்கும்போது முந்திக்கொள்கிற கண், இடது கண். அம்மா கையைத்தான் மாற்றினாள், கண்ணைக் கட்ட அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வகுப்பில் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினேன். விசையில் இடது ஆள்காட்டி விரல். முப்பது வருஷம் மூலையில் உட்கார வைத்த விரல், நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவே இல்லை. வலது கண் தானாக ஓய்ந்தது, கம்பம் கூர்மையாக வந்து நின்றது. சுட்ட குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. வட்டத்துக்கு நடுவில் இல்லைதான், ஆனால் எல்லாம் ஒரே இடத்தில். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, கோபம் பாதி.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வலது தோளில் சுடுகிறவர்கள் எல்லாரும் இலக்குக்கு இடது பக்கத்தைக் காட்டி, வலது பக்கம் பார்த்து நிற்பார்கள். வரிசை முழுக்க ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கிற நிலை. இடது தோளில் சுடுகிறவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்பாள். அதாவது, வரிசையில் எனக்கு இடப்பக்கத்து இடத்தில் நிற்கிறவரும் நானும் நேருக்கு நேர். அந்த இடத்தில் நின்றவர் ஒரு வக்கீல்.

செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வக்கீல் சாருக்கு ஒரு மாதிரி இருக்காம். ஒரு லேடீஸ் நேருக்கு நேரா நின்னு மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா அவருக்குக் குறி நிக்கலையாம்.”

“நான் எங்க அவர் மூஞ்சியைப் பாத்தேன்? நான் கம்பத்தைப் பாக்குறேன். நீங்கதானே பாக்கச் சொன்னீங்க?”

வக்கீல் காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்தினேன். “சார், என்னைப் பாத்து கூச்சமா இருந்தா கண்ணை மூடிக்குங்க. ஒரு கண்ணை எப்படியும் மூடத்தானே போறீங்க, கூட இன்னொண்ணையும் மூடிக்குங்க!”

கூடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், வக்கீலைத் தவிர. பலன், என்னை ஒன்றாம் நம்பர் இடத்துக்குத் தள்ளினார்கள். இடது கோடி, மேற்கு ஜன்னலை ஒட்டி. அங்கே நின்றால் எனக்கு எதிரில் ஜன்னல் மட்டும்தான், யாருடைய மானத்துக்கும் பங்கம் இல்லை. அதோடு விட்டிருந்தால்கூடச் சரி. மாநிலப் போட்டிக்கு ஆள் தேர்வு செய்ய எங்கள் சங்கத்தில் ஒரு தேர்வு வரப்போகிறது என்று அறிவித்த அன்று செயலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

“அக்கா, இந்தத் தடவை லெஃப்ட்லயே சுடுங்க. போர்டுல போட்டிருக்கிற பாயிண்ட் வந்தா உங்க பேரை அனுப்புறேன். வரலைன்னா அதுக்கப்புறம் எல்லாரையும் மாதிரி ரைட்லதான் சுடணும். இதுக்கு மேல சண்டை வேணாம்.”

“சரி,” என்றேன். மாநிலப் போட்டி, மெடல், எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அந்தக் கையை இரண்டாவது தடவையும் கட்டப் போகிறார்கள் என்பது மட்டும்தான் ஏறியது. விட மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் துப்பாக்கி கிடையாது. சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, மாப் கட்டையை இடது தோளில் அணைத்து, அசையாமல் நிற்கப் பழகினேன். அந்த மாதப் பௌர்ணமிக்கு அம்மா வந்தாள். மாதம் தவறாமல் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, என் வீட்டில் பையை வைத்துவிட்டுக் கிரிவலம் போவாள்.

“இன்னாடி இது, செவுத்துக்குப் பொட்டு வெச்சிருக்க?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள், கட்டை எந்தத் தோளில் இருக்கிறது என்று பார்த்ததும் நின்றுவிட்டாள். “அந்தக் கையை எதுக்குடி தூக்குன?”

“எனக்கு இதுல இந்தக் கைதான்மா வருது.”

“அதான் மாத்தியாச்சே. மாத்துனது மாத்துனதுதான். ஊர்ல எத்தனை பேருக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன், தெரியுமா? இதை மட்டும் கேள்விப்பட்டா என் மூஞ்சில காறித் துப்புவாளுங்க.”

“உன் பெருமைக்கு என் கைதான் கிடைச்சுதா?” என்றேன். வார்த்தை தானாக வந்துவிட்டது. அம்மா பையை மூலையில் வைத்தாள். போட்ட தோசையைத் தொடாமல் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கிரிவலத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தும் பேசவில்லை, காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆயுத பூஜை வந்தது. ஆட்டோவுக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைக்கிற ஊரில் துப்பாக்கியை விடுவார்களா? ஆண்கள் மாவிலை கட்டுகிறோம், பொரி வாங்குகிறோம் என்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். தேய்த்துச் சுத்தம் செய்கிற வேலை, சொல்லவே வேண்டாம், பெண்கள் மூன்று பேருக்கு. நாங்கள் மூவரும் பொதுவாகச் சுடுகிற துப்பாக்கி என் பங்குக்கு வந்தது. வந்த எரிச்சலில், வெள்ளி விளக்கைத் தேய்க்கிற மாதிரி விபூதியைப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். முன்குறிக் கம்பத்தையும் விடவில்லை. அதன்மேல் இருந்த கறுப்பு போய் உள்ளிருந்த இரும்பு மின்னியது. “புதுசு மாதிரி ஆயிடுச்சுக்கா!” என்று செயலாளர் மெச்சினார். சந்தனம், குங்குமம் வைத்து, பூ சுற்றி, பொரிகடலை தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வகுப்பில் என் குண்டுகள் மொத்தமாக ஒரு பக்கம் போய் விழுந்தன. நின்ற விதம் அதேதான், மூச்சும் அதேதான், விரலும் அதேதான். மற்ற இரண்டு பெண்கள் அதே துப்பாக்கியில் ஒழுங்காகச் சுட்டார்கள். தண்ணீர்ப் பானை பக்கத்தில் வக்கீல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “பூஜையில வெச்ச ஆயுதத்தை அந்தக் கையால தொட்டா பின்ன எப்படி இருக்கும்?”

நான் டம்ளரை வைத்தேன். “சார், இந்த ஊர்ல அம்மனுக்கு சாமி குடுத்ததே இடது பாகம்தான். அது ஆகாதுன்னா நேரா கோயிலுக்குப் போய் அங்க சொல்லுங்க. எங்கிட்ட சொல்லாதீங்க.”

ஆனால் பதிலடி கொடுத்தால் குண்டு வட்டத்துக்குள் போய்விடுமா? கவலையோடு ஒன்றாம் நம்பரில் போய் நின்று, சுடாமல் சும்மா குறி பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நேராகக் கம்பத்தின்மேல் விழுந்தது. கம்பத்தின் ஒரு ஓரம் மின்னியது. எது கம்பம், எது வெளிச்சம் என்று தெரியாமல் கண் ஏமாந்து, நடு என்று நினைத்து நடுவில் இல்லாததைக் காட்டியது. உள்பக்கம் நிற்கிறவர்களுக்கு அந்த வெயில் எட்டாது. எனக்கு ஜன்னலைக் கொடுத்தது அவர்கள், கம்பத்தைப் பளபளக்க வைத்தது நான்.

கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதானே? கைப்பையில் கண் மை இருந்தது, எடுத்துத் தடவினேன். நிலைமை இன்னும் மோசமானது. மையில் எண்ணெய் இருக்கிறது, எண்ணெய் போட்டு வாரிய தலை மாதிரி கம்பம் பளபளவென்று ஆனது. துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வழி கிடைத்தது லாட்ஜில். தினமும் மேசைக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவோம். அதற்கு மேலே இருக்கிற வெள்ளை டைல்ஸ் கரி பிடித்துக் கிடக்கும், மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும். அன்று அதைத் துடைக்கத் துணியோடு ஸ்டூல்மேல் ஏறினேன். டியூப்லைட் நேராக அதன்மேல் அடிக்கிறது, சுற்றியிருக்கிற டைல்ஸ் எல்லாம் பளபளக்கிறது, கரி பிடித்த இடம் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டுக் கற்பூர டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வகுப்பன்று மொட்டை மாடிக்குத் துப்பாக்கியை எடுத்துப் போய், கரண்டியில் கற்பூரம் ஏற்றி, முன்குறியை அந்தப் புகையில் காட்டிக்கொண்டிருந்தேன். செயலாளர் மேலே வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார்.

“அக்கா, ஆயுத பூஜை முடிஞ்சிடுச்சு!”

“உங்களுக்கு முடிஞ்சிருக்கும். எனக்கு இப்பத்தான் நடக்குது.”

அன்று குண்டுகள் வட்டத்துக்குத் திரும்பின. ஒரு தொல்லைதான் பாக்கி. ஒவ்வொரு முறையும் குண்டு போடக் குழாயை மடக்க வேண்டும், மடக்கும்போது கை நுனியில்தான் பிடிக்கும், பிடித்தால் கரி அழிந்துவிடும். அதனால் கீழே தள்ளிப் பிடித்து மடக்கப் பழகினேன். இரட்டிப்பு பலம் வேண்டும். ராத்திரி தோள் விண்விண் என்று தெறிக்கும், தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பேன்.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தது. பௌர்ணமியில் லீவா என்று லாட்ஜ் முதலாளி குதித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பௌர்ணமிகூட நான் லீவு எடுத்ததில்லை, வேண்டுமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலு மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தால், பின்பக்கப் பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்காரர் இடத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“நான் ஒண்ணும் உன்னைப் பாக்க வரல. கால் வலிக்குது, செத்த உக்காந்துட்டுப் போறேன்,” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்றேகால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஒன்றாம் நம்பரேதான். கம்பத்துக்குக் கரி காட்டி எடுத்து வந்திருந்தேன். முதல் பாதி நன்றாகப் போனது. பின்னால் அம்மா செயலாளரிடம் தாழ்ந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது. “எல்லாம் சின்னதுலயே மாத்தி வெச்சிருந்தேன் தம்பி. எழுத்து, சாப்பாடு எல்லாம் சோத்தாங்கைதான். இங்க வந்துதான் கெட்டுப் போச்சு.” எனக்கு உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் குழாயின் நுனியைப் பிடித்து மடக்கிவிட்டேன். உள்ளங்கையில் கரி. நிமிர்த்திப் பார்த்தால் கம்பத்தின் ஓரம் மின்னுகிறது. சுட்டேன், குண்டு ஓரத்துக்குப் போனது. இன்னொன்று சுட்டேன், அதுவும் போனது.

“மாடிக்குப் போய்க் கரி காட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டேன்.

“நடுவுல துப்பாக்கியை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுக்கா. ரூல்ஸ்.”

“இங்கயே?”

“நெருப்பா? இங்கயா? விளையாடுறீங்களா?”

துப்பாக்கியை மேசையில் படுக்க வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. இந்த ஊரில் சூரியன் அடிவானத்தில் மறைவதில்லை, அதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். சூரியனுக்கும் மலை விளிம்புக்கும் இன்னும் கொஞ்சம்தான் இடைவெளி இருந்தது. பக்கத்தில் எல்லாரும் டப் டப்பென்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீல் முடித்துவிட்டு, நான் தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்டதாக நினைத்து இரக்கத்தோடு பார்த்தார்.

“அக்கா, டைம் போகுது,” என்றார் செயலாளர்.

“போகட்டும்.”

“வேணும்னா மீதியை ரைட்ல சுட்டுப் பாக்குறீங்களா?”

“மலை மறைக்கட்டும், சுடுறேன்.”

அவருக்குப் புரியவில்லை. நேரம் போதாமல் போனால் எல்லாம் போச்சு. ஆனாலும் அசையவில்லை. சூரியன் மலை விளிம்பைத் தொட்டது, உள்ளே இறங்கியது, ஜன்னல் சட்டென்று சாம்பல் நிறமானது. கம்பத்தின் மினுக்கம் அணைந்தது. எழுந்து நின்றேன். கம்பத்தைப் பார்த்தேன், கம்பத்தை மட்டும் பார்த்தேன். வட்டம் எங்கேயோ மங்கலாக மிதந்தது. அம்மா, வக்கீல், கடிகாரம், எல்லாரும் அந்த மங்கலுக்குள் போனார்கள். ஒன்று மாற்றி ஒன்றாகச் சுட்டு முடித்தபோது நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது.

செயலாளர் அட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கூட்டினார். மறுபடி கூட்டினார். வேறொருவரிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னார். “வந்துடுச்சுக்கா. நூல் இழையில வந்துடுச்சு,” என்றார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. “பேரை அனுப்பிடுறேன். ஆனா அங்க இந்த மாதிரி ஓரமா எல்லாம் நிக்க வெக்க மாட்டாங்க. நடுவுல நிக்கணும், பக்கத்துல இருக்கிறவங்க ஏதாவது சொல்லுவாங்க. இன்னும் நாள் இருக்கு, ரைட்டுக்கு மாறிடுங்களேன், எல்லாருக்கும் நல்லது.” பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்கதானே சின்ன வயசுல மாத்துனீங்க? நீங்களாவது சொல்லுங்கம்மா.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

“இந்தா பாரு தம்பி. இந்தக் கையை நான் கட்டிப் போட்டேன். அடிச்சேன். வேப்பெண்ணெய் தடவுனேன், அது பசியில அழுதுச்சு, அப்பவும் விடல. மாத்திட்டேன், மாத்திட்டேன்னு ஊரெல்லாம் சொன்னேன். மாறலப்பா. எங்கிட்ட பயந்துக்கிட்டு ஒளிஞ்சிருந்திருக்கு, அவ்ளோதான். பெத்தவ என்னாலயே ஆவலன்னா உன்னால ஆவுமா? பேசுன பேச்சுக்குப் பேரை எழுதி அனுப்பு. நடுவுல நிக்கட்டும். பாக்கறவங்களுக்குக் கூசுச்சுன்னா அவங்க திரும்பி நிக்கட்டும்.”

செயலாளர் “சரிங்கம்மா” என்றார். வக்கீல் தன் துப்பாக்கியை உறைக்குள் போடுவதில் மும்முரமானார். நான் அழுதேன், எல்லாரும் பார்க்க, அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

அம்மாமேல் இருந்த முப்பது வருஷக் கோபம் அந்த நிமிஷத்தில் கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய். பாதி போனது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கீழே இறங்கினோம். தெரு நிறையக் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. டிபன் கடையில் நாலு இட்லி வாங்கி எதிரெதிரே உட்கார்ந்தோம். அம்மா சட்னியை என் பக்கம் நகர்த்தினாள்.

“துப்பாக்கிக்குத்தான் சொன்னேன். இலையில அந்தக் கையை வெச்ச, ஒடச்சிடுவேன்.”

“பாக்கலாம்,” என்றேன்.